பரீட்சைக்குப் பிடித்து வைத்த பல்

"வலிக்குதுன்னு சொல்றேன், சிரிக்கறீங்களே டாக்டரு."

"சிரிக்கலீங்கண்ணா. வாய நல்லா தொறங்க."

சிரித்தேன்தான். முகக்கவசம் மறைத்துவிடும் என்று நினைத்தேன், கண் காட்டிக்கொடுத்துவிட்டது. கீழ் வரிசை, வலது பக்கம், முதல் கடைவாய்ப் பல். நடுவில் மிளகை அழுத்திப் பதித்தது போல ஒரு கறுப்புக் குழி. பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பல்லில் இருநூறு தடவை செதுக்கியிருக்கிறேன். ஆனால் ஓர் இளைஞரின் வாயில், நிஜமான சொத்தை, நான்கு வருடப் படிப்பில் அன்றுதான் முதல் தடவை.

"பேருங்கண்ணா?"

"செங்கோட்டுவேல். வேலுன்னே எழுதிக்குங்க."

"வயசு?"

"இருபத்தாறு."

இருபத்தாறேதானா என்று மறுபடி கேட்டேன். குழந்தைகளுக்குச் சொத்தை வராமலிருக்கப் பல் சொட்டு போட ஆரம்பித்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. அது போட்டிருந்தால் இருபத்தாறு வயதில் சொத்தை இருக்கவே முடியாது.

"ஏனுங், பெரிய வியாதி ஏதாச்சுங்களா?" வேலு நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார். ஆறடி உயரம், கழுவிக் கழுவியும் போகாத கிரீஸ் நகக்கண்ணில், இந்த மனிதர் என் குரலைக் கேட்டுப் பயப்படுகிறார்.

"வியாதியெல்லாம் இல்ல. சொத்தை. அந்தக் காலத்துல எல்லாருக்கும் இருந்தது."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் இப்ப வருது?"

"சின்ன வயசுல உங்களுக்குப் பல் சொட்டு போட்டாங்களா?"

"அதாருக்குத் தெரியும். எங்கப்பா போர்வெல் வண்டில டிரில்லரு. நான் பொறந்ததே சட்டீஸ்கர்ல, காட்டுக்குள்ள, வண்டிக்குப் பக்கத்துல கட்டுன கூடாரத்துலதான். நானும் இப்ப அதே பொழப்பு. திருச்செங்கோட்டு வண்டி. வருசத்துல பத்து மாசம் வெளி மாநிலத்துல ஆழ்துளை போட்டுட்டுத் திரியறோம்."

காடு, கூடாரம். போதும். கேஸ் ஷீட்டில் 'பல் சொட்டு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'எச்சில் பட்டைச் சோதனை' என்று இன்னொரு கட்டம் உண்டு. ஒரு காகிதப் பட்டையை நாக்கில் ஒற்றி எடுத்தால், சொட்டுக் கிருமி வாயில் இருந்தால் நீலமாகும். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். எல்லோரும் கோடுதான் இழுப்போம். பல்லில் ஓட்டை இருந்தால் சொட்டு போடவில்லை என்று அர்த்தம். இதற்கு எதற்குச் சோதனை?

"அந்தச் சொட்டுல அப்படி என்னதாங்க இருக்குது?"

"கிருமி."

"கிருமியவா கொழந்தைக்கு ஊத்தறாங்க?"

"நல்ல கிருமிங்கண்ணா. நம்ம வாயில ஒரு கிருமி பரம்பரையாக் குடியிருக்கு. நாம இனிப்பு தின்னா அதுவும் தின்னுட்டு அமிலம் விடும். அந்த அமிலம்தான் பல்ல அரிக்கறது. சொட்டுல இருக்கறது அதோட பங்காளி. சாப்பாடு அதே சாப்பாடு, ஆனா அமிலம் விடாத மாதிரி மாத்தி வச்சிருக்காங்க. முன்னாடியே போய் எடத்தப் புடிச்சுக்கும். பழசு வந்தா உக்கார எடமிருக்காது."

"எடத்தப் புடிச்சுக்கிட்டு சும்மா இருக்குமாக்கும். எங்கூர்ல அப்படி ஒரு பங்காளிய நான் பாத்ததில்லீங்க."

இந்த முறை சத்தமாகவே சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்து, காற்று பட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கே அடைச்சு உட்டுருவீங்களா?"

அடைத்திருக்கலாம். முக்கால் மணி நேர வேலை. நான் சொன்னது வேறு: "இல்லீங்கண்ணா. வெளியூர்ல இருந்து பெரிய டாக்டர் வரணும். பத்தொம்பது நாள் ஆகும். அதுவரைக்கும் மாத்திரை தர்றேன்."

பத்தொன்பதாம் நாள் என் இறுதியாண்டு செய்முறைத் தேர்வு.

இந்தத் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். பல் மருத்துவப் பட்டம் வேண்டுமானால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் கண்முன், உயிருள்ள ஒருவரின் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்துக் காட்ட வேண்டும். பல்லில் அதற்கு முன் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. நோயாளியை மாணவர்தான் அழைத்து வர வேண்டும். சொத்தை மலிந்திருந்த காலத்தில் எழுதிய விதி. சொட்டு வந்தது, சொத்தை போயிற்று, விதி மட்டும் அப்படியே நின்றது. அதனால் யாராவது சொத்தையோடு வந்தால் வைத்தியம் பார்க்காமல் தேர்வு நாள் வரை பிடித்து வைப்போம். 'பிடித்து வைப்பது' என்றே பெயர். எங்கள் சீனியர்கள் செய்தார்கள், அவர்களுடைய சீனியர்களும் செய்தார்கள்.

எங்கள் வகுப்பில் ஏழே பேர். ஈரோடு பைபாஸில் இருக்கும் எங்கள் கல்லூரியின் கடைசி வகுப்பு அது. பல்லே கெடாத நாட்டில் பல் கல்லூரி எதற்கு என்று மூட உத்தரவு வந்துவிட்டது. அதிலிருந்து நோயாளிகள் வரத்தும் நின்றுபோயிற்று. இந்தத் தேர்வைத் தவறவிட்டால் மறுபடி எழுத இடமே இருக்காது. மற்ற ஆறு பேரும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் மிச்சமிருந்த ஒரு பல், இரண்டு பல்லைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவன் பவானியில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டரை வைத்திருந்தான். தினமும் காலையில் போன் போட்டு, நலம் விசாரிப்பது மாதிரி, உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்வான். நான் மூன்று முதியோர் இல்லம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு நின்றவள். அப்போதுதான் வேலு வந்தார்.

துறைத் தலைவர் டாக்டர் திலகன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மகிழினி, இது கேஸ் இல்லம்மா. லாட்டரி. இதுவரைக்கும் நரம்பத் தொடல பாரு. ஆளு ஓடிராம பாத்துக்க."

ஓடவில்லை. பாவி மனுஷர், நான்கு நாளுக்கு ஒரு முறை திருச்செங்கோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, வாயைத் திறந்து காட்டி, மாத்திரை வாங்கிப் போனார். எட்டாம் நாள் அவருடைய வண்டி ஒடிசாவுக்குக் கிளம்பியது. டிரில்லர் இல்லாமலே போய்விட்டது.

"ஏன்ணா போகல?"

"பெரிய டாக்டர் வர்றாங்கன்னீங்களே. நடுவுல போனா உங்களுக்குச் சங்கடமாயிருமுங்க."

அன்று மாலை ஹாஸ்டலில் நஸ்ரினிடம் சொன்னேன். நஸ்ரின் என் அறைத் தோழி, எங்கள் கல்லூரியின் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்த ஆளு எந்தப் பக்கமா சாப்பிடறாரு?"

"எடது பக்கம்."

"எத்தன நாளா?"

"எட்டு நாளா... தெரியலடி. வர்றதுக்கு முன்னாடியும்தான்."

"முன்னாடி அவருக்கு வழி தெரியல. இப்ப வைத்தியம் பண்ண ஒருத்தி பக்கத்துலயே உக்காந்திருக்கா. அதான் வித்தியாசம்." ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "சரி, டிகிரி வேணுமில்ல. நான் சொல்லல."

பதினைந்தாம் நாள் வேலு வரும்போது கன்னம் லேசாக உப்பியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"எங்கம்மாகிட்டப் பேசினேனுங்க. அன்னிக்கு நீங்க சொட்டு போட்டாங்களான்னு கேட்டீங்களா, நான் தெரியாதுன்னுட்டேன். உங்க பேப்பர்ல தப்பா எதாச்சும் ஏறிட்டா, பெரிய டாக்டர் உங்களத்தானே கேப்பாங்க? அதான் பொட்டியக் கொடஞ்சு எடுத்துட்டு வரச் சொன்னேன்."

கவருக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் அட்டை. இந்தி எழுத்து. ஊதா முத்திரை. ஆறாம் மாதம் ஒரு சொட்டு, இரண்டு வயதில் ஒரு சொட்டு. இரண்டுக்கும் கையெழுத்து இருந்தது.

நான் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தேன். பிறகு பட்டை வைத்திருக்கும் டப்பாவைத் தேடினேன். அலமாரியின் அடியில், சீல் கூட உடைக்காமல் கிடந்தது. வேலுவின் நாக்கில் ஒற்றினேன். நீலம். பளிச்சென்ற, ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம்.

குழியின் மேல்பக்கம் பஞ்சை ஒற்றி நஸ்ரினிடம் ஓடினேன். அவள் அதைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு வளர்த்து, மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். மேஜையில் இரண்டு பட்டைகள். ஒன்று நீலம், இன்னொன்று மஞ்சள்.

"நீலம்னா சொட்டுக் கிருமி. தெரியும். மஞ்சள் எதுக்கு?"

"மஞ்சள்னா அமிலம்."

"அப்ப பழைய கிருமியும் உள்ள இருக்கா?"

"இல்லடி. மூணு தடவ பாத்துட்டேன். பழசு ஒண்ணுகூட இல்ல. இருக்கறது பூராவும் உன்னோட நல்ல கிருமிதான். அதுவே அமிலம் விடுது."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம். ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் நாமே கொண்டுபோய்க் குடிவைத்த கிருமி. தாய் முத்தம் கொடுத்தால் பிள்ளைக்குப் போகும், அதுதான் இந்தச் சொட்டின் பெருமையே. மாறிப்போன கிருமியும் அதே வழியில்தானே போகும்.

"அப்ப சொட்ட நிறுத்தச் சொல்லணுமா?" என்றேன்.

"பைத்தியமா நீ? எத்தன கோடிப் பேர் பல்ல அது காப்பாத்திட்டிருக்கு. எங்க மாறுச்சு, எப்படி மாறுச்சுன்னு கண்டுபுடிச்சா சொட்டத் திருத்திரலாம். அதுக்குப் பல்லோட உள்பக்கத்துல இருந்து உசுரோட கிருமி வேணும். ஆழத்துல இருந்து. சென்னையில சொட்டு தயாரிக்கற ஆராய்ச்சி நிலையத்துல கேட்டேன், சந்தோஷத்துல குதிக்கறாங்க. ஆனா ஒண்ணு. உங்க ட்ரில் வச்சுக் குடையக் கூடாது. சூட்டுல செத்துரும், தண்ணியில கழுவிப் போயிரும். கரண்டியால சொரண்டித்தான் எடுக்கணும்."

கரண்டி என்று அவள் சொன்னது எங்களிடம் இருக்கும் கடுகளவுக் கரண்டி. அதால் எடுத்துவிட்டால் பல்லில் கை வைத்தாயிற்று. தேர்வுக்கு அந்தப் பல் செல்லாது.

டாக்டர் திலகனிடம் போனேன். அவர் பட்டைகளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நிறைய நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்னும் மூணே நாள்தானேம்மா. பரீட்சைய முடி. உறிஞ்சற குழாயில வர்றதப் புடிச்சு ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்துரலாம்."

"செத்த கிருமிதான் சார் வரும். அதோட அவருக்குக் கன்னம் வீங்கிருச்சு. மூணு நாள்ல நரம்பு போயிரும்."

"போனா வேர் சிகிச்சை பண்ணிக்கலாம்."

"சார், நல்லா இருக்கற நரம்ப ஏன் சார் சாகடிக்கணும்?"

"உன் டிகிரி போயிரும் மகிழினி. வேற எந்தக் காலேஜும் உன்னக் கடைசி வருசத்துல சேக்காது. எனக்கு உங்க ஏழு பேரையும் கரையேத்தி விட்டுட்டுப் போயிரணும், அவ்வளவுதான்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், பதினாறு நாள் ஒரு மனிதரை வலியோடு வைத்திருக்கும் அளவுக்கு வேண்டும். அதை முதல் தடவையாக அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். நினைத்த பிறகு வேறு வழி இல்லை.

"பல்லு அவரோடது சார். அவர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

மறுநாளும் வரச் சொல்லியிருந்ததால் வேலு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிருமி மாறியதைச் சொன்னேன், அதைச் சொல்வது சுலபம். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"மொத நாளே அடைச்சிருக்கலாமுங்கண்ணா. பெரிய டாக்டர்னு யாருமில்ல. என் பரீட்சைக்காக உங்களப் புடிச்சு வச்சிருந்தேன்."

அவர் கன்னத்தில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினாறு நாளா?"

"ஆமாங்கண்ணா."

"எங்க வண்டில ஒருத்தனுக்குக் கை நசுங்குச்சுங்க, போன வருசம். எண்ணூறு அடி போயாச்சு, இன்னும் அம்பது அடில தண்ணி. ஓனரு போன்ல கத்தறாரு. வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆசுபத்திரிக்குப் போனோம். குழி மூடிக்கிச்சு. மூடட்டும்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களப் படிச்சவங்கன்னு நெனச்சேனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

"சரி," என்று எழுந்தார். "உக்காந்து பேசி என்னாகப் போகுது. எடுங்க. இப்பவே எடுங்க."

திலகன் சார் அனுமதிப் படிவத்தை முழுதாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். மரத்துப்போக ஊசி போட்டேன். எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டினேன். நஸ்ரின் ஐஸ் பெட்டியோடு நின்றாள், கையில் ஒரே ஒரு சின்னக் குப்பி.

வேலு கையைத் தூக்கினார். ரப்பர் விரிப்பு மாட்டியிருந்ததால் பேச்சு குழறியது. "ஒழ்ழுதானா?"

"என்னங்கண்ணா?" விரிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஒரே டப்பாதானான்னு கேட்டேன். எல்லாத்தையும் ஒட்டுக்கா அதுலயா கொட்டுவீங்க?"

"ஆமா. ஏன்?"

"அப்பறம் எந்த ஆழத்துல என்ன இருந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்? நாங்க ஒவ்வொரு ராடு எறங்கறப்பவும் வர்ற தூள எடுத்துத் தனித்தனிக் குமியா வரிசையா வப்போம். செம்மண்ணு எது வரைக்கும், பாறை எங்க ஆரம்பம், எந்த ராடுல கலரு மாறுச்சு, எல்லாம் அந்தக் குமியப் பாத்தாலே தெரியும். போர் போடறவன் மொதல்ல கத்துக்கறதே அதானுங்க."

நானும் நஸ்ரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொத்தையில் மேலே இருப்பது முதன்முதலில் வந்து தங்கிய கிருமி, அடியில் இருப்பது நேற்று வந்தது. அடுக்கடுக்காக எடுத்தால், எந்தக் கட்டத்தில் மாறியது என்று வரிசையாகத் தெரிந்துவிடும். நூறு வருடப் பல் மருத்துவத்தில் நாங்கள் இதை உறிஞ்சிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னும் அஞ்சு குப்பி எடுத்துட்டு வாடி," என்றேன்.

"ஆழம் போகப் போகப் பழசுதானுங்களே?" என்றார் வேலு.

"இங்க தலைகீழுங்கண்ணா. ஆழம் போகப் போகப் புதுசு."

"அதுஞ்சரி. மனுசன் வாயி."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கரண்டியால் ஓர் அடுக்கு, ஒரு குப்பி. கரண்டியை மாற்று, அடுத்த அடுக்கு. கறுப்பு, பழுப்பு, ஈரத் தோல் போல ஒரு மஞ்சள். ஆறாவது குப்பியில் நிறுத்தினேன். அதற்குக் கீழே ரோஜா நிறத்தில் நரம்பு மினுங்கியது. தலைமுடி அளவுதான் மிச்சம். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் அந்த முடியளவும் இருந்திருக்காது. மருந்து வைத்து அடைத்தேன். திலகன் சார் விளக்கைத் தள்ளிவிட்டு, "சுத்தமான வேலை," என்றார். நான்கு வருடத்தில் என்னிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அடுத்த இரண்டு நாள் ரெக்கார்டு ரூமில் இருந்தேன். முப்பத்து நான்கு வயதுக்குள் சொத்தையோடு வந்தவர்களின் ஃபைல்கள், ஜூனியர்கள் கண்ணில் படாமல் சீனியர்கள் பிடித்து வைத்த கேஸ்கள். போன வருடம் வரை ஆறு வருடக் கணக்கு இது: ஒன்று, ஒன்று, மூன்று, நான்கு, எட்டு, பதினொன்று. எல்லா ஃபைலிலும் 'சொட்டு: இல்லை'. எல்லாவற்றிலும் சோதனைக் கட்டத்தில் ஒரு கோடு. 'இந்த வருசம் நமக்கு யோகம், சின்ன வயசு கேஸ் நிறைய வருது' என்று ஒவ்வொரு வகுப்பும் சந்தோஷப்பட்டிருக்கிறது. எனக்கு அந்தச் சந்தோஷம் நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு பேருக்கும் போன் செய்தேன். பத்தொன்பது பேர் எடுத்தார்கள். அதில் பதினான்கு பேருக்குச் சொட்டு போட்டிருந்தது.

தேர்வு நாள். பத்து மணி. ஆறு நாற்காலியில் ஆறு நோயாளிகள். பவானி கண்டக்டர் உயிரோடு வந்து சேர்ந்து, எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். என் நாற்காலியில் ஃபைல் கட்டு.

வெளித் தேர்வாளர் டாக்டர் பிரிசில்லா. நாகர்கோவில்காரர், முப்பத்து மூன்று வயது, அந்தத் துறையில் கண்டிப்புக்குப் பேர் போனவர். என் நாற்காலி முன் நின்றார்.

"பேஷண்ட் எங்கம்மா?"

"ஒடிசா போயிட்டார் மேடம். மூணு நாள் முன்னாடியே முடிச்சுட்டேன்."

"பரீட்சை இன்னைக்குல்லா?"

"வலி அன்னைக்கு இருந்தது மேடம்."

திலகன் சார் மேஜை நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபைல்களைப் பிரித்தேன், பட்டைகளைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பிரிசில்லா குறுக்கே பேசாமல் கேட்டார். முழுதாக இருபது நிமிடம்.

"இந்த இருபத்தெட்டு பேருக்கும் பட்டை வச்சுப் பாத்தது யாரு?"

"யாருமே இல்ல மேடம். ஓட்டை இருந்தா சொட்டு இல்லன்னு எழுதினோம். அத வச்சு, சொட்டு போட்டவங்களுக்கு ஓட்டையே வராதுன்னு மேல இருக்கறவங்க அறிக்கை எழுதினாங்க. அந்த அறிக்கையப் படிச்சுட்டு நாங்க மறுபடி கோடு இழுத்தோம்."

"எங்க காலேஜ்லயும் கோடுதான் இழுக்கோம்," என்றார் அவர் மெதுவாக. பிறகு பேனாவைத் திறந்தார். "நீ செஞ்சது சரி. ஆனா கேஸ் இல்லாம நான் மார்க் போட முடியாது." என் எண்ணுக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எதிர்பார்த்ததுதான்.

ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை.

"ஏ பிள்ள. அந்தப் பட்டை இன்னும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

அவர் கோட்டைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "கீழ, இடது பக்கம். ஒரு மாசமா ஐஸ் தண்ணி குடிக்க முடியல. ஈறு தேஞ்சிருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். நான் சொட்டு போட்ட பிள்ளல்லா, எனக்கு எப்படிச் சொத்தை வரும்? நானே கண்ணாடில பாக்கவும் இல்ல."

வாயைத் திறந்தார். விளக்கைத் திருப்பினேன். கடைசிப் பல்லின் ஓரத்தில், கன்னம் மறைக்கும் இடத்தில், கறுப்பு. பட்டை நீலமாயிற்று.

"பாத்துட்டு என்ன யோசிக்க? எடு," என்றார், திறந்த வாயோடு.

மணி பதினொன்று நாற்பது. தேர்வு ஒரு மணி வரை. நஸ்ரினுக்கு போன் போட்டேன், ஆறு குப்பியோடு ஓடி வந்தாள். திலகன் சார் பக்கத்தில் நின்று கரண்டி எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு ஐம்பதுக்கு அடைத்து, மட்டம் செய்து, பாலிஷும் போட்டுவிட்டேன். உயிருள்ள நோயாளி. யாரும் கை வைக்காத பல். தேர்வு அறை. தேர்வு நேரம். தேர்வாளரின் கண்முன், சொல்லப்போனால் அதைவிடப் பக்கத்தில்.

டாக்டர் பிரிசில்லா மரத்த கன்னத்தோடு எழுந்து, நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். மார்க் ஷீட்டை எடுத்தார். 'ஆப்சென்ட்' மேல் பேனாவைக் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"திலகன் சார், நான் இப்ப பேஷண்ட்லா. பேஷண்ட் மார்க் போடலாமா?"

"நான் உள்ளூர் ஆளு மேடம். தனியா நானும் போட முடியாது."

இரண்டு பேரும் நடந்ததை நடந்தபடி எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நிறைய நடந்துவிட்டது. பன்னிரண்டு குப்பியும் சென்னை போய்ச் சேர்ந்தன. இரண்டு பல்லிலும் மேல் அடுக்குகளில் லேசாக அமிலம் விட்ட கிருமி நான்காவது அடுக்கில்தான் முழுதாக மாறியிருக்கிறது, ஒரே மாதிரி, ஒரே இடத்தில். சொட்டைத் திருத்த ஆறு மாதம் போதும் என்கிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் கோடு இழுப்பதை நிறுத்திவிட்டுப் பட்டை வைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எங்கள் கல்லூரியை மூடுவதும் தள்ளிப்போயிருக்கிறது. வேலு ஒடிசாவிலிருந்து போன் செய்தார், வலது பக்கமாகக் கரும்பு கடிக்கிறாராம். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் மார்க் மட்டும் இன்னும் வரவில்லை. பல்கலைக்கழகம் போன வாரம் ஓர் அறிவிப்புப் போட்டிருக்கிறது: இப்படி ஒரு நிலைமைக்கு விதியில் இடமில்லை, மாணவர்களும் மருத்துவர்களும் பொதுமக்களும் பதினைந்து நாளுக்குள் கருத்து அனுப்பலாம். நான் என் பக்கத்தை அனுப்பிவிட்டேன். பல்லைப் பிடித்து வைப்பதை ஒழியுங்கள், நோயாளி வந்த அன்றே மாணவர் பார்த்த வைத்தியத்தையே தேர்வாக எடுத்துக்கொள்ளுங்கள், என்னையும் அதில் முதல் ஆளாகச் சேருங்கள் என்று. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் மார்க்குக்கு நானே சொல்வது செல்லாது, வேலுவைப் பதினாறு நாள் காக்க வைத்தவளும் நானேதான், அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இப்போது முழுக்கதையும் உங்களுக்குத் தெரியும். அந்த மார்க் ஷீட் உங்கள் கையில் இருந்தால் என் எண்ணுக்கு நேரே என்ன எழுதுவீர்கள்?